ஒரே ஒரு ஆளுக்காக நிரம்பிய மைதானம்

1984 ஆகஸ்ட். டோக்கியோ தேசிய மைதானம் நிரம்பி வழியுது. ஃபைனல் இல்லை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றும் இல்லை. நாற்பது வயசு ஆள் ஒருத்தர் விடைபெறுற மேட்ச். அவரோட ஆடுறதுக்குப் பீலே வந்திருக்கார், மேற்கு ஜெர்மனியோட ஓவராத் வந்திருக்கார். இத்தனைக்கும் அந்த வருஷங்கள்ல ஜப்பான் லீக் மேட்ச்களுக்குப் பெரிசா கூட்டமே வராது. அப்புறம் எப்படி இவருக்கு மட்டும்?

அவர் பேர் குனிஷிகே கமாமோட்டோ. 1944-ல கியோட்டோவில் பிறந்தவர். வசேடா பல்கலைக்கழகத்துல படிச்சிட்டு, 1967-ல யான்மார் டீசல் கம்பெனி அணியில சேர்ந்தார். அன்றைய லீக் முழுக்க இப்படிக் கம்பெனி அணிகள்தான். ஆட்டக்காரர்கள் அந்தந்தக் கம்பெனியோட ஊழியர்கள்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்தான் எல்லாத்தையும் மாத்துச்சு. அதே வருஷத் தொடக்கத்துல அவர் தனியா மேற்கு ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்திருந்தார். முதல் மேட்ச், நைஜீரியாவுக்கு எதிரா ஹாட்ரிக். காலிறுதியில் பிரான்ஸுக்கு ரெண்டு கோல். அரையிறுதியில் ஹங்கேரி 5-0ன்னு நொறுக்கிடுச்சு. ஆனா வெண்கலத்துக்கான மேட்ச் அஸ்டெக்கா மைதானத்துல, மெக்சிகோவை அவங்க ஊர்லயே 2-0ன்னு ஜெயிச்சாங்க. ரெண்டுமே கமாமோட்டோ அடிச்சது. மொத்தம் 7 கோல், போட்டியிலேயே அதிகம். அப்போ ஒலிம்பிக்ஸ்ல தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லைங்கிறதை மறக்கக் கூடாதுதான். ஆனாலும் அது ஒரு ஆசிய அணி வாங்கின முதல் கால்பந்து ஒலிம்பிக் பதக்கம்.

அடுத்த வருஷமே அவருக்குக் கல்லீரல் அழற்சி. 1970 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுல ஆட முடியலை; ஜப்பானும் வெளியேறுச்சு. எங்க தொழில்ல இதுக்குப் பேர் 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்': ஒரே ஒரு சர்வர் மேல மொத்த பாரத்தையும் ஏத்தி வைக்கிறது. அவர் திரும்பி வந்தார், லீக்ல 202 கோல் அடிச்சார், 1978-லேர்ந்து யான்மாருக்கு ஆட்டக்காரராவும் மேனேஜராவும் இருந்தார். ஆனா மெக்சிகோவால வந்த கூட்டம் மெல்ல மெல்லக் கரைஞ்சு போச்சு. மக்களுக்குப் பிடிச்சது கமாமோட்டோவை, கால்பந்தை இல்லை. 1984-ல நிரம்பின அந்த மைதானத்தை நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன்.

1993-ல ஜே லீக் தொடங்குச்சு. ஊருக்கு ஒரு கிளப், தொழில்முறை ஆட்டக்காரர்கள், காசு கொடுத்து வர்ற ரசிகர்கள். காம்பா ஒசாகாவோட மேனேஜர் கமாமோட்டோ. முதல் மேட்ச்ல உராவா ரெட்ஸை 1-0ன்னு ஜெயிச்சாங்க, ஆனா அட்டவணையில மேலே ஏறவே இல்லை. 1994-ல அவர் விலகினார். யான்மார் அணி பின்னாடி செரெசோ ஒசாகா ஆச்சு, காம்பாவோட பரம எதிரி. ஒரே ஊர்ல எதிரும் புதிருமா நிற்கிற ரெண்டு கிளப்போட வரலாறும் இவரைத் தொடாம முடியாது. கமாமோட்டோ போன பிறகும் காம்பா மைதானத்துக்கு ஆட்கள் வந்துக்கிட்டேதான் இருந்தாங்க.

2025 ஆகஸ்ட் 10 அன்னைக்கு, 81 வயசுல அவர் காலமானார். ஜப்பானுக்காக 76 மேட்ச்ல 75 கோல். ஆண்கள் அணியில அதை இன்னும் யாரும் தாண்டலை.