மேற்கோளின் முகவரி

அகராதியைப் புரட்டுகிற நாம் சொல்லின் பொருள் கிடைத்ததும் ஏட்டை மூடிவிடுகிறோம். பொருளை அடுத்து அடைப்புக்குறிக்குள் நிற்கும் நூற்பெயர்ச் சுருக்கமும் பாட்டெண்ணும் நம் கண்ணில் படுவதில்லை. அச்சொல்லை யார், எந்நூலில் ஆண்டார் என்பதற்கு அவையே சான்று. இணைய அகராதிகளில் இலக்கிய மேற்கோள்களைப் பதிவதற்கு இன்று வார்ப்புருக்கள் வந்துவிட்டன. ஆசிரியர், நூல், பாட்டெண், பதிப்பு, ஆண்டு என ஒவ்வொன்றுக்கும் அவற்றில் தனிக்கட்டம் உண்டு. அக்கட்டங்களுக்குப் பின்னே நெடிய வரலாறு இருக்கிறது.

திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் சொல்லையும் பொருளையும் தொகுத்தன. சொல் ஆளப்பட்ட இடத்தைச் சுட்டவில்லை. உரையாசிரியர்கள் மேற்கோள் தந்தனர். ஆயினும் பல இடங்களில் நூற்பெயரைச் சொல்லாது விட்டனர். சீவக சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் இவ்வாறு பெயர் சுட்டாது காட்டிய அடிகளின் மூலத்தைத் தேடிச் சென்றதே உ.வே.சாமிநாதையரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்த வழிகளுள் ஒன்று. முகவரியில்லாத மேற்கோள் ஓர் அறிஞரிடம் எத்தனை உழைப்பை வாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அமைத்தார். புதுச்சேரி மிஷன் அச்சகம் 1855-லும் 1862-லும் தமிழ்–பிரெஞ்சு அகராதியை இரு தொகுதிகளாக வெளியிட்டது. வின்சுலோவின் அகராதியும் 1862-இல் வந்தது. ஆயினும் இலக்கிய ஆட்சியைச் சொல்தோறும் காட்டுவதைப் பெருமுறையாக்கியது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியே. 1913-இல் சாண்ட்லர் தலைமையில் பணி தொடங்கியது. 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தார். 1924-க்கும் 1936-க்கும் இடையே ஆறு தொகுதிகளும், 1939-இல் அனுபந்தமும் வெளிவந்தன. இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அப்பெருநூலில் இடத்தைச் சிக்கனப்படுத்தவே நூற்பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கின.

இணையத்தில் இடப்பஞ்சம் இல்லை. ஆகவே சுருக்கத்தை அப்படியே பெயர்த்தெழுதுவது போதாது என்பது எங்கள் கருத்து. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். இளம்பூரணர் உரையில் நூற்பாக்கள் 456. சேனாவரையர் உரையில் 463. எவருரை, எப்பதிப்பு என்று குறிக்காமல் எண்ணை மட்டும் இட்டால் வாசகர் வேறொரு நூற்பாவில் போய் நிற்பார். வார்ப்புருவில் பதிப்புக்கென உள்ள கட்டத்தை வெறுமையாக விடலாகாது என்பது இதனால்தான்.

ஆண்டுக்கான கட்டம் இதனினும் இடர் மிக்கது. பழைய நூல்களின் காலம் பற்றி வையாபுரிப் பிள்ளை சொன்ன முடிவுகளைப் பலர் ஏற்கவில்லை. அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அச்சேறிய ஆண்டை நூல் தோன்றிய ஆண்டாக மயங்க எழுதினால் சொல்லின் வரலாறே பிழையாகும்.

கல்வெட்டுச் சொற்களுக்கு ஆசிரியர் கட்டமே பொருந்தாது. மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வழியே தெற்கே சென்றால் பாகூர். நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு அவ்வூருக்குரியது; அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த செய்தி வடமொழியிலும் தமிழிலும் அதில் உள்ளது. அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் அரசன், ஆட்சியாண்டு, கிடைத்த ஊர், பதிப்பித்த தொகுதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பாகூர் குப்புசாமி திரட்டி, விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளின் முதற்பகுதியைப் பிரெஞ்சு நிறுவனம் 2006-இல் வெளியிட்டிருக்கிறது. மூலக்குளம் போன்ற நம் ஊர்ப்பெயர்களின் பழமையை ஆராய விழைவோர்க்கும் இத்தகைய தொகுதிகளே முதற்படி.

பேரகராதியின் மேற்கோளை இணையத்தில் ஏற்றும் அன்பர்கள் மூலநூலை ஒருமுறை திறந்து பார்த்து, பதிப்பையும் சேர்த்து எழுதினால், பின்வருவோர் அவ்வரியைத் தேடி அலைய நேராது.