ஓர் இயந்திரமும் இரு முறைமைகளும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலையை அடுத்த ஒரு வீட்டில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. எம்மிடம் உயர்தரம் பயிலும் மாணவியின் வீடு அது. 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்போ அக்கணினியின் செயலியை ஏற்க மறுத்தது. எவ்விதப் பழுதுமில்லாத இயந்திரத்தை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் கிழமாக்கிவிட்டது! புதியது வாங்குவதற்கு அவளுடைய தந்தை ஒரு போகத்து நெல்லில் பெரும்பகுதியை விற்கவேண்டும். எனவே, விடுமுறை நாளொன்றில், அதே வன்தட்டிலே லினக்ஸையும் பதிக்க முற்பட்டோம்.

"ரெண்டும் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்காதா, சேர்?" என்று தாயார் கேட்டார்.

நல்ல கேள்வி. 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பத்து மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.ரி. கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த டொஸ் 2.0, வன்தட்டை நான்கு பகுதிகள் வரை பிரிக்க இடமளித்தது. வயலுக்கு வரம்பு கட்டுவதைப் போன்ற வேலைதான். பகுதிக்கொரு பணிசெயல் முறைமையைக் குடியமர்த்தலாம். ஆக, இரண்டாவது முறைமைக்கு வேண்டிய இடம் அன்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

லினக்ஸ் பிறந்ததே அவ்வாறு இரண்டாம் குடியாகத்தான். அன்ட்ரூ ரனன்பாம் என்ற பேராசிரியர் மாணவருக்குக் கற்பிப்பதற்காக 1987இல் மினிக்ஸ் என்னும் சிறிய முறைமையை ஆக்கினார். (ஆசிரியத் தொழிலின் பயன் எங்கெங்கோ முளைக்கிறது!) ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டொர்வால்ட்ஸ் 1991இல் தமது வீட்டுக் கணினியில் மினிக்ஸைப் பதித்து, அதன் துணைகொண்டே தமது முறைமையை எழுதினார். அடுத்த ஆண்டு, ரிச்சர்ட் ஸ்டோல்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழ் அது வந்தது. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதே 1991இலே, ஜூன் 12ஆம் நாள், மகிழடித்தீவிலும் அயலிலும் எமது மக்கள் இராணுவத்தினராற் படுகொலை செய்யப்பட்டனர். இவ்வூருக்கு இவையெல்லாம் பிந்தி வந்ததன் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

இடமிருந்தும் கதவு ஏன் அடைபட்டது? 1998இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் விண்டோஸுடன் பீ.ஓ.எஸ். என்னும் மற்றொரு முறைமையையும் பதித்துக் கணினிகளை விற்றது. ஆயினும் வாங்கியவர் திரையில் விண்டோஸ் மட்டுமே தோன்றிற்று. எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல் மறைக்கப்பட்டிருந்தது. பணம் கொடுத்தவரின் பெட்டிக்குள்ளே மற்றது உறங்கிக் கிடந்தது. உற்பத்தியாளரைக் கட்டிப்போடும் மைக்ரோசொஃப்டின் உரிம ஒப்பந்தமே காரணமெனக் குற்றஞ்சாட்டி, பீ நிறுவனம் 2002இல் வழக்குத் தொடுத்தது. 2003இல், தவறெதையும் ஒப்புக்கொள்ளாமலே, மைக்ரோசொஃப்ட் 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து இணங்கிற்று. அதற்குள் பீ நிறுவனம் தன் சொத்துக்களை விற்றுவிட்டிருந்தது. சந்தையிற் போட்டியே உயிர் என்று எமக்கு உபதேசிப்போர் இவ்வழக்கைப் படிப்பது நன்று.

எமது வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. முதலில் படங்களையும் பாடக்குறிப்புகளையும் வேறொரு தட்டிற் பிரதிசெய்தோம். வரம்பை நகர்த்தும்போது மின்சாரம் நின்றால் எல்லாம் அழியக்கூடும். பின்னர் விண்டோஸின் பகுதியைச் சுருக்கி, வெற்றிடத்தில் லினக்ஸைப் பதித்தோம். அச்சுப்பொறி இன்னும் இணங்கவில்லை. அடுத்த கிழமை பார்க்கவேண்டும்.

கணினி மீண்டும் விழித்தபோது கறுந்திரையில் இரு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றின. மாணவி லினக்ஸைத் தெரிவுசெய்யக் கையை நீட்டினாள். தாயாரோ பழையதையே முதலில் திறக்கச் சொன்னார். அவருடைய தகப்பனாரின் படம் அதிலிருந்தது.