ஏற்றிய பக்கத்தில் எழுத்து எங்கே?

தமிழ் இணையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மாநாடுகளையும் மென்பொருள்களையும்தான் பெரும்பாலும் பட்டியல் போடுகிறார்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைச் சர்வரில் ஏற்றியவர் பட்ட பாடு அதில் வருவதே இல்லை. வீட்டுக் கணினியில் பளிச்சென்று தெரிந்த பக்கம், சர்வருக்குப் போனதும் பூச்சி பூச்சியாகவோ கட்டம் கட்டமாகவோ மாறிப்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. கோப்பு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது என்றே மென்பொருள் சொல்லும். தமிழ் யூனிகோடுக்கு மாறியதில் மாநாட்டுத் தீர்மானங்களுக்கு இருந்த பங்கைவிட இந்தத் தொல்லைகளுக்கு இருந்த பங்கு பெரிது என்றே தோன்றுகிறது.

கோப்புகளை ஏற்றப் பயன்பட்ட எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை எழுதியவர் ஓர் இந்தியர். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, பிறகு அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரல் 16 அன்று அதை வெளியிட்டார். யூனிக்ஸே அப்போது கைக்குழந்தை. பின்னால் 1985இல் வந்த திருத்திய வடிவம்தான் நம்மவர்கள் பயன்படுத்தியது. அதில் இரண்டு முக்கியமான முறைகள் உண்டு. ஆஸ்கி முறை, வரி முடிவை அந்தந்தக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும். பைனரி முறை ஒரு பைட்டைக்கூடத் தொடாது. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கி முறை என்பது நெறிமுறையின் விதி.

விண்டோஸில் ஒரு வரி 13, 10 என்ற இரண்டு பைட்டுகளில் முடியும். யூனிக்ஸில் 10 மட்டும் போதும். ஹெச்டிஎம்எல் கோப்பை ஆஸ்கி முறையில் ஏற்றினால் அந்த 13 கழன்றுவிடும், பாதகமில்லை. ஆனால் எழுத்துருக் கோப்பில் தற்செயலாக 13ம் 10ம் அடுத்தடுத்து வந்த இடத்திலும் அதே வெட்டு விழும். எழுத்துரு கெட்டுப்போகும். கண்டுபிடிக்கும் வழி எளிது: கணினியில் இருக்கும் கோப்பின் அளவையும் சர்வரில் இருப்பதன் அளவையும் ஒப்பிட வேண்டும். நாலைந்து பைட் குறைந்திருந்தால் காரணம் இதுதான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. விருந்தினர் பதிவேட்டுக்காக வைத்த பெர்ல் நிரலை பைனரி முறையில் ஏற்றினால் முதல் வரியின் கடைசியில் அந்த 13 ஒட்டிக்கொண்டே போகும். சர்வர் அப்படி ஒரு நிரலைத் தேடி, கிடைக்காமல், 500 என்ற எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும்.

ஆங்கிலத் தளம் நடத்தியவருக்கும் இதெல்லாம் நேர்ந்ததுதான். ஆனால் அவருக்குப் படம் கெட்டால் படம் மட்டும் போகும். தமிழருக்கு எழுத்துருக் கோப்பு கெட்டால் பக்கமே போய்விடும். 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அதற்குப் பிறகு வந்த தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவை நம்பியே நின்றன. வாசகர் அதை இறக்கி நிறுவினால்தான் படிக்க முடியும். இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தது இயங்கு எழுத்துரு. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும். நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகைக் கோப்பு, இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறு வகை. மைக்ரோசாஃப்டின் வெஃப்ட் கருவி எழுத்துருவைத் தளத்தின் முகவரியோடு சேர்த்துப் பூட்டிவிடும். முன்னால் மூன்று டபிள்யூ போட்ட முகவரிக்குப் பூட்டிய எழுத்துரு, அவை இல்லாமல் வந்த வாசகருக்குத் திறக்காது. வேறு சர்வருக்கு மாறினால் புதிதாகச் செய்ய வேண்டும். ஏற்றியவர் கணினியில் அந்த எழுத்துரு ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதால் அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இதைவிடக் குறும்பான பிழை இருக்க முடியாது!

குறியாக்கத்தின் கதை இன்னும் சுவையானது. உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாம், தாப் என்ற வேறு இரண்டை ஏற்றது. திஸ்கியின் முந்தைய வடிவத்தில் ‘இ’ எழுத்துக்கு 173ஆம் இடம் கொடுத்திருந்தார்கள். மேற்கத்திய அட்டவணையில் அந்த இடம் வரி உடையும்போது மட்டும் தெரிய வேண்டிய மென் இணைப்புக் கோட்டுக்கு உரியது. ஆகவே சில மென்பொருள்கள் அதைக் கண்டதும் விழுங்கிவிட்டன. இலங்கை ‘லங்கை’ ஆனது, இலக்கியம் ‘லக்கியம்’ ஆனது. கோப்பில் எழுத்து இருக்கிறது, திரையில் இல்லை. திஸ்கி 1.7இல் ‘இ’யை 254ஆம் இடத்துக்குக் குடிபெயர்த்த பிறகே இது தீர்ந்தது.

யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது ஒழுங்காகத் தெரிந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களும் வலைப்பதிவுகளைப் படிக்க, அதிராம்பட்டினம் உமர்தம்பி தேனீ இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகத் தந்தார். அவர் 2006இல் மறைந்தார்.

யூனிகோடு வந்ததும் பிழைகள் ஒழிந்தனவா? இல்லை, வேறு வேடம் போட்டன. திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறிகள். யுடிஎஃப்-8 கோப்பில் 39 பைட்டுகள். இந்தக் கோப்பை ‘இது மேற்கத்திய எழுத்து’ என்ற முன்குறிப்போடு சர்வர் அனுப்பினால், உலாவி 39 பைட்டையும் 39 எழுத்தாகவே எண்ணும். கோடு போட்ட ஆங்கில ‘ஏ’க்களும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட குறிகளும் வரிசை கட்டும். பக்கத்துக்குள் யுடிஎஃப்-8 என்று எழுதி வைத்தும் பயனில்லை. ஹெச்டிஎம்எல் 4 விதிப்படி சர்வரின் முன்குறிப்பே மேலோங்கும். அப்பாச்சி சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி சேர்த்தால் சரியாகிவிடும். அந்த வரி தெரியாமல் பக்கம் பக்கமாகத் திரும்பத் தட்டச்சு செய்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நோட்பேடு செய்தது வேறு கூத்து. யுடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். பிஎச்பி கோப்பாக இருந்தால், தலைப்புகளை அனுப்பும் முன்பே வெளியீடு தொடங்கிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். முதல் வரியில் என்னதான் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. 2019இல் விண்டோஸ் 10இன் ஒரு மேம்படுத்தலில்தான் நோட்பேடு இந்தப் பழக்கத்தை இயல்நிலையிலிருந்து விட்டது.

இவையெல்லாம் திரும்பப் பெறக்கூடிய இழப்புகள். தரவுத்தளத்தில் நேர்ந்ததுதான் கொடுமை. மைஎஸ்க்யூஎல் 8.0 வரும் வரை, அதாவது 2018 வரை, அதன் இயல்பான எழுத்துத் தொகுதி மேற்கத்தியது. யுடிஎஃப்-8 பைட்டுகள் அப்படியே உள்ளே போயிருந்தால் மீட்டுவிடலாம். ‘இந்த எழுத்து என் அட்டவணையில் இல்லை’ என்று தரவுத்தளமே முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் ஒரு கேள்விக்குறி உட்காரும். அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் எதுவும் இல்லை. தளம் மாற்றும்போது பழைய நகலை அழித்தவர்களின் பதிவுகள் அப்படியே போயின.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தப்பித்தது எப்படி என்பது இங்கே கவனிக்கத்தக்கது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அவருடைய தோழர்களும் திஸ்கியில் வெளியிட்ட நூல்களை யூனிகோடுக்கும் மாற்றி, பிடிஎஃப் வடிவமும் தந்தார்கள். தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூன் 23 அன்று, கோவைச் செம்மொழி மாநாட்டின் போதுதான். வலைப்பதிவர்கள் அதற்கு ஆறேழு ஆண்டுகள் முன்பே மாறிவிட்டிருந்தார்கள்.

மாறாமல் நின்றவை தனி மனிதர்களின் சிறு தளங்கள். ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது ஆர்வலர்கள் அவசர அவசரமாக நகல் எடுத்துக் காப்பாற்றிய பக்கங்களிலும் இப்படிப்பட்டவை உண்டு. பைட்டுகள் பழுதில்லாமல் இருக்கலாம், ஆனால் திறந்தால் பூச்சிதான் தெரியும். அப்போது மூலநிரலைத் திறந்து, ஃபாண்ட் என்ற குறியில் எந்த எழுத்துருவின் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த அட்டவணையில் எழுதியது என்பது அதிலிருந்து தெரியும். பிறகு சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் இட்டால் வரிகள் ஒவ்வொன்றாகத் தமிழாகி வரும்.