பழைய படைத்துப்பாக்கியின் தோற்றமும் செப்பனீட்டு வரலாறும்: .303 துப்பாக்கிப் பொறிப்புகளைக் கல்வெட்டியல் நோக்கில் வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

பழைய படைத்துப்பாக்கி ஒன்றில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டையே அதன் காலமாகக் கொள்வது பொதுவழக்கு. ஒரே துப்பாக்கியின் உறுப்புகள் வெவ்வேறு காலங்களில் மாற்றப்பட்டிருக்கக் கூடுமாதலால் இவ்வழக்கு பிழைக்கு இடந்தருகிறது. லீ-என்ஃபீல்டு .303 துப்பாக்கியைச் சான்றாகக் கொண்டு, தோற்றப் பொறிப்பையும் செப்பனீட்டுப் பொறிப்பையும் பிரித்தறியும் நெறியை இக்கட்டுரை விளக்குகிறது. அரியலூர் மாவட்டத் திருமழபாடிக் கல்வெட்டுகள் காட்டும் படியெடுப்பு மரபு இந்நெறிக்கு முன்மாதிரியாகும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: லீ-என்ஃபீல்டு, இஷாப்பூர், செப்பனீடு, பொறிப்பு, திருமழபாடி, படியெடுப்பு

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதுக்க முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (1013) ஆணையிட்டான். அதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கவும் செய்தான். முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (1026) அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. சுவரின் காலம் வேறு, அதிலுள்ள செய்தியின் காலம் வேறு என்பதைக் கல்வெட்டாய்வாளர் இதிலிருந்து அறிவர். இதே வேறுபாடு படைக்கலங்களுக்கும் பொருந்தும். இந்தியக் காவல்துறைகளில் நெடுங்காலம் வழங்கிய .303 துப்பாக்கி இதற்குத் தக்க சான்று.

தோற்றப் பொறிப்புகள்

குட்டைக் குழல் லீ-என்ஃபீல்டின் மார்க் 3 வகை 1907இல் ஏற்கப்பட்டது. முதல் உலகப்போரின் உற்பத்தி நெருக்கடியில் எளிமையாக்கப்பட்ட வடிவம் மார்க் 3* எனப்பட்டது. 1926இல் இவ்வரிசை ‘எண் 1’ எனப் பெயர்மாற்றம் பெற்றது. பின்கட்டை பொருந்தும் எஃகுக் கழுத்தின் வலப்பக்கத்தில் முடி, மன்னரின் பெயரெழுத்து, தொழிற்சாலை, ஆண்டு, வகை ஆகியவை மேலிருந்து கீழாக அமைகின்றன.

மெய்க்கீர்த்தி கொண்டு மன்னனை அறிவதுபோல இப்பெயரெழுத்தால் காலவெல்லை அறியலாகும். ‘ஈ.ஆர்.’ என்பது ஏழாம் எட்வர்டைக் (1901–1910) குறிக்கும். வங்காளத்தில் 1904இல் நிறுவப்பட்ட இஷாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையின் படைப்புகளில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று காணப்படும். இதன் இறுதி எழுத்து ‘பேரரசர்’ என்னும் பட்டத்தைச் சுட்டுகிறது. 1950இல் குடியரசின் சின்னமாக அசோகச் சிங்கத்தூண் ஏற்கப்பட்டபின் முடியின் இடத்தை அது பெற்றது.

செப்பனீட்டுப் பொறிப்புகள்

கழுத்திலுள்ள ஆண்டு துப்பாக்கியின் உடற்பகுதிக்கே உரியது. குழல் தேயும், கட்டை பிளக்கும், போல்ட் மாறும். ஆகவே பின்வரும் மூன்று சான்றுகளைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

முதலாவது, வரிசை எண். உடல், போல்ட், குழல், முனைமூடி, பின்குறி, முன்கட்டை ஆகியவற்றில் ஒரே எண் இடப்படுவது மரபு. போல்ட்டில் பழைய எண் கோடிட்டு அடிக்கப்பட்டு அருகே வேறெண் காணப்படின், அது மற்றொரு துப்பாக்கியிலிருந்து வந்து பொருத்தப்பட்டதாகும். எண் ஒத்திருந்தும் எழுத்துவடிவம் வேறுபடின், அது பிற்காலத்தில் இடப்பட்டது எனக் கருத இடமுண்டு.

இரண்டாவது, குழலின் ஆண்டு. கழுத்தில் 1917, குழலில் 1943 என இருப்பதாகக் கொள்வோம். உடல் 1917க்குரியது, குழல்மாற்றம் 1943இலோ அதற்குப் பின்னரோ நிகழ்ந்தது. செய்யப்பட்ட குழல் பண்டகசாலையில் காத்திருந்திருக்கலாம் என்பதால் 1943 முன்னெல்லை மட்டுமே.

மூன்றாவது, பழுதுபார்ப்புக் குறிகளும் வடிவமாற்றங்களும். ‘எஃப்.டி.ஆர்.’ அல்லது ‘எஃப்.ஆர்.’ என்பது தொழிற்சாலையில் செய்யப்பட்ட பழுதுபார்ப்பைக் குறிக்கும். முன்கட்டையின் குறுக்கே செலுத்தப்பட்ட வலுவூட்டும் திருகாணி இந்தியச் செப்பனீட்டின் தெளிவான அடையாளம். இங்கிலாந்தில் பிறந்த துப்பாக்கியில் இது காணப்படின், அதன் பிற்கால வாழ்வு இந்தியாவில் கழிந்தது என்று கொள்ளலாம். மேகசின் தடுப்புத் தகட்டுக்கான வெட்டு உடலில் இருப்பதைக் கொண்டு மட்டும் அதனை மார்க் 3 என்று முடிவுசெய்தல் தவறு. மார்க் 3* உடல்கள் சிலவற்றிலும் அவ்வெட்டு உண்டு.

பிழையறிதலுக்கு இரு சான்றுகள்

செப்பனீடு சில வேளைகளில் படைக்கலத்தின் இயல்பையே மாற்றியது. காலனிய அரசு .303 துப்பாக்கிகள் பலவற்றின் குழலைக் குடைந்து வரியற்றதாக்கி, .410 அளவுக்கு மாற்றிக் காவலர்க்கு அளித்தது. மேகசினில் மரக்கட்டை செருகப்பட்டு அவை ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளாயின. கழுத்துப் பொறிப்பை மட்டும் படிப்பவர் இவற்றைப் போர்முனைத் துப்பாக்கிகளாகவே மயங்குவர்.

இதற்கு மாறான மயக்கமும் உண்டு. 1962 இந்திய–சீனப் போருக்குப் பின் இஷாப்பூர் வெளியிட்ட 7.62 மி.மீ. 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகள் பழைய .303களைத் திருத்தியவை என்று சிலர் எழுதுவர். அவை வலிமை கூட்டிய எஃகில் புதிதாகச் செய்யப்பட்டவை. முன்னதில் செப்பனீடு தோற்றமாகவும், பின்னதில் தோற்றம் செப்பனீடாகவும் கொள்ளப்படுவது நோக்கத்தக்கது.

வட்டார ஆய்வுக்கான தேவை

பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்தும், அரியலூர் 2001இல் பெரம்பலூரிலிருந்தும் பிரிக்கப்பட்டன. 2002இல் மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர் 2007இல் தனி மாவட்டமாயிற்று. எனவே இப்பகுதிப் படைக்கலத்தின் முந்தைய ஆவணத்தைப் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டப் பதிவுகளிலும் தேடுதல் வேண்டும். ஆவணம் கிட்டாதவிடத்துப் பொறிப்பே சான்று. படைக்கலத்தின் அடையாளக் குறியை அழிப்பதோ மாற்றுவதோ கூடாதென 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 8ஆம் பிரிவு விலக்குகிறது. எனினும், முறைப்படி கழிக்கப்பட்டு உருக்கப்படும் துப்பாக்கியோடு அதன் குறிகள் அனைத்தும் மறைந்துவிடும்.

முடிவுரை

ஒரு படைத்துப்பாக்கிக்கு ஒற்றைக் காலம் இல்லை. உடல், குழல், போல்ட், கட்டை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காலங்கள் உண்டு. பொருந்தா எண்ணும் அடிக்கப்பட்ட எண்ணும் குறைகளல்ல. அவை பயன்பாட்டு வரலாற்றின் அடுக்குகள். உரிய அலுவலரின் இசைவுடன், கழிப்பதற்கு முன் ஒவ்வோர் உறுப்பின் பொறிப்பையும் ஒளிப்படமாகவும் எழுத்துப்படியாகவும் பதிவுசெய்வது வட்டார வரலாற்றாய்வின் உடனடிக் கடமை. பிரிப்பதற்கு முன் படியெடு என்னும் நெறியைத் திருமழபாடி ஆயிரமாண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டது.