சுவரோரத்துக் காரும் களத்துமேட்டுக் காரும்

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும் என்பது நம் கட்டட விதிகள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது 12.5 சதுர மீட்டர். அந்தக் காரில் வந்த நான்கு பேர் சாப்பிடும் மேசைக்கு, நாற்காலியைப் பின்னால் இழுக்கும் இடத்தையும் சேர்த்தால்கூட, ஆறு சதுர மீட்டர் தாராளம். பத்து மேசை போட்டு ஒருவர் உணவகம் திறந்தால், சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டிய இடத்தைப்போல இரண்டு பங்கு அவர்கள் வந்த வண்டிகளுக்கு வேண்டும். வண்டி உள்ளே வரவும் திரும்பவும் விடும் வழியைச் சேர்த்தால் அது நான்கு பங்கை நெருங்கும்.

புதிதாக எழும் புறநகரில் இந்த இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே உருவாகி முடிந்துவிட்ட ஊர்களில்தான் சிக்கல். அங்கே உணவகத்துக்கு இடம் கிடைத்துவிடும். வண்டிக்கான இடத்தை வேறு யாராவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க இரண்டு ஊர்களை அருகருகே வைக்கலாம். ஒன்று புதுச்சேரியின் வெள்ளை நகரம். மற்றொன்று ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரும் அதைச் சுற்றிய சிற்றூர்களும்.

கடலோரத்துப் பிரெஞ்சுத் தெருக்களையும் மலைவாழ் மக்களின் ஊர்களையும் ஒரே தட்டில் வைப்பது முதலில் பொருத்தமில்லாமல் தோன்றலாம். ஆனால், இரண்டுக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் வண்டிகள் வருகின்றன. இரண்டிலும் பழமைதான் ஆட்களை இழுக்கிறது. பார்க்க வந்தவர்களுக்குப் பசிக்கும். பசி இருக்கும் இடத்தில் உணவகம் வரும். வேறுபாடுகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

ஊர் உருவான விதம்

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் ஊரைப் பிடித்து, 1699-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்குள் அந்த வேலையைச் செய்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பழைய தெருக்களின் மேலேயே நகரம் மறுபடி எழுந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர் பகுதியான வெள்ளை நகரம், மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே வீட்டின் மதில் தெருவின் விளிம்பிலேயே நிற்கும். தோட்டமும் முற்றமும் உள்ளே இருக்கும். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் தெருவைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல்லக்குக்கும் ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டிக்கும் போதுமான தெரு அது. மதிலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு கார் நிற்க அரை அடிகூட மிச்சம் வைக்கப்படவில்லை.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் நிலப்பரப்பை நாடுகளாகப் பிரித்து வழங்குவார்கள்; புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு போன்ற பெயர்கள் இன்றும் பேருந்துப் பலகைகளில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் நெருக்கமாக வீடுகள், கோயிலுக்கு முன்னால் ஒரு வெளி, தானியம் அடிக்கவும் காயவைக்கவும் ஒரு களம், அதைத் தாண்டினால் சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலம், அதற்கப்பால் காடு. புதுச்சேரியைப்போல இதை யாரும் காகிதத்தில் வரையவில்லை. அதற்காக இது திட்டமில்லாத ஊர் என்றாகிவிடாது. எது யாருக்கு, எந்தப் பருவத்தில் என்பது ஊர்க்கட்டுப்பாட்டில் இருந்துவந்தது.

பழமையிலும் மலை குறைந்ததில்லை. கீழ்ச்செப்பிலிப் பக்கம் இருக்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளை மக்கள் வாலியர் வீடுகள் என்கிறார்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்தார்கள் என்ற கதையும் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்களில் புதிய கற்காலக் கற்கோடாரிகளை மரத்தடியில் வைத்துப் பிள்ளையாராகக் கும்பிடுகிறார்கள். நடுகற்கள் வயலோரங்களில் நிற்கின்றன. புதுச்சேரியின் பழமைக்கு மரபுக் கட்டடப் பட்டியல் இருக்கிறது. மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் போன்ற அமைப்புகள் நாற்பதாண்டுகளாகக் குரல் கொடுக்கின்றன. மலையின் பழமையில் பெரும்பகுதி எந்தப் பட்டியலிலும் சேராமல், கும்பிடுகிறவர்களின் பொறுப்பிலேயே இருக்கிறது.

இடம் கிடக்கிறது என்ற மயக்கம்

வெள்ளை நகரத்தில் இடம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு பழைய மாளிகை உணவகமானால், அடுத்த சனிக்கிழமையே பக்கத்து வீட்டுக்காரர் தன் வாயிற்கதவைத் திறக்க முடியாமல் நிற்பார். போக்குவரத்துக் காவலரை அழைப்பார், நாளிதழுக்கு எழுதுவார், வழக்குத் தொடுப்பார். இழப்பு உடனே தெரிவதால் சண்டையும் உடனே வருகிறது. அந்தச் சண்டைதான் ஒருவழிப் பாதையாகவும் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தும் ஏற்பாடாகவும் மாறியிருக்கிறது.

மலையில் இதற்கு நேர்மாறு. மேலே ஏறி வருகிறவர் கண்ணுக்கு எங்கு பார்த்தாலும் இடம்தான். கோலப்பன் ஏரிக்கோ பீமன் நீர்வீழ்ச்சிக்கோ போகிற வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால், சாலையோரம் மட்டமாக ஒரு திடல் இருக்கும். அங்கே காரை விட்டுவிட்டுப் போவார். அது களமாக இருக்கலாம். நிபந்தனைப் பட்டா நிலமாக இருக்கலாம். மேய்ச்சலுக்கு விட்ட புறம்போக்காகவோ காப்புக்காட்டின் ஓரமாகவோ இருக்கலாம். வேலியும் பலகையும் இல்லாததால் சொந்தக்காரர் இல்லை என்று ஆகிவிடுகிறது. களத்தில் அன்று தானியம் காயவில்லை என்றால் தட்டிக்கேட்கவும் ஆள் இருக்காது. சக்கரம் ஏறி இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது என்பதும், ஓடும் நீர் சரிவில் புது ஓடை பறிக்கும் என்பதும் அடுத்த ஐப்பசியில்தான் தெரியும். அதற்குள் கார் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

நகரத்தில் பற்றாக்குறை சத்தம் போடுகிறது. மலையில் இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: வண்டி நிறுத்தும் சிக்கல் மலையில் இல்லை என்று தோன்றுவதற்குக் காரணம் அங்கே இடம் மிகுதியாக இருப்பது இல்லை, இடத்தை இழக்கிறவர்கள் புகார் சொல்லும் இடத்தில் இல்லாததுதான்.

சாலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளை நகரத்தில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெரு உண்டு. மலைச்சாலையில் வளைவில் ஒரு வண்டி நின்றாலும் மாற்றுவழி கிடையாது. பேருந்து, ஆம்புலன்ஸ், பால்வண்டி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே பாதை. 2022 ஏப்ரலில் புதூர்நாட்டுப் பக்கம் புலியூரிலிருந்து செம்பரைக் கோயிலுக்குப் போனவர்களின் சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். கோயிலுக்குப் போகக்கூடச் சரக்கு வண்டியில் நெருக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும் மலையில், சாலையின் ஓரத்தைச் சுற்றுலா வண்டிகளுக்குக் கொடுப்பது சின்ன விஷயமாகாது.

மலைக்கே உரிய இன்னொரு பொது இடம் வானம். காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1968-இல் முதல் தொலைநோக்கி நிறுவப்பட்டது, 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை 1977-இல் கண்டறிந்த இடங்களில் காவலூரும் ஒன்று. இந்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு நகர வெளிச்சம் எட்டாத இருட்டும் ஒரு காரணம். இரவு உணவகம் ஒன்று தன் வண்டித் திடலுக்கு நான்கு உயர்கோபுர விளக்குப் போட்டால், அது வானத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

விதி எதைக் கேட்கிறது

உணவகத்துக்கு உரிமம் வாங்கும்போது உணவுப் பாதுகாப்புத் துறை சமையலறையைப் பார்க்கும், தண்ணீரைப் பார்க்கும். வண்டி எங்கே நிற்கும் என்பது அதன் வேலை இல்லை. அதைக் கேட்க வேண்டியது கட்டட அனுமதி தரும் அமைப்பு. அதன் கேள்வியோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை கார் இடம் உன் மனைக்குள்ளே வை.

இந்தக் கேள்வி பழைய ஊரில் என்ன செய்யும் என்று பார்க்கலாம். புதுச்சேரியில் அதை அப்படியே அமல்படுத்தினால் மதிலை இடித்து முற்றத்தில் கார் விட வேண்டும். காப்பாற்ற நினைத்த கட்டடத்தையே விதி தின்றுவிடும். அமலாக்காமல் விட்டால் கார் அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். மலையில் அதே விதியை அமல்படுத்துவது மிக எளிது. ஒரு பொக்லைன் இருந்தால் சரிவை ஒரே நாளில் மட்டமாக்கிவிடலாம். விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும். மரமும் மேல்மண்ணும் மட்டும் போயிருக்கும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக வாதிட்டார்: இலவசமாகத் தரும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஒரு விலை உண்டு, காரில் வராதவரும் சேர்ந்தே அதைக் கட்டுகிறார் என்று. ஜமுனாமரத்தூருக்கு அரசுப் பேருந்தில் வரும் விவசாயி அந்த விலையைத் தன் நிலத்தால் கட்டுகிறார்.

சட்டப் பாதுகாப்பிலும் மலையின் கை கொஞ்சம் தாழ்ந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் செல்லும். அதன்படி காட்டையும் நீர்நிலையையும் காக்கக் கிராம சபைக்கு அதிகாரம் உண்டு. வெள்ளை நகரத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடையாது. மலை தன் கையிலிருக்கும் கருவியை இன்னும் இந்த வேலைக்கு எடுக்கவில்லை.

எதைக் கடன் வாங்கலாம்

புதுச்சேரி செய்தவற்றில் பல, மலைக்கு ஆகாதவை. அடுக்குமாடி வண்டி நிறுத்தகம் ஜமுனாமரத்தூரில் கேலிக்கூத்தாக இருக்கும். ஆனால் இரண்டு பழக்கங்கள் பயன்படும். முதலாவது, கடற்கரைச் சாலையை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடுவது. தொடக்கத்தில் முணுமுணுத்தாலும் ஊர் அதற்குப் பழகிவிட்டது. வண்டி இல்லாததால் அங்கே கூட்டம் குறையவில்லை. இரண்டாவது, புத்தாண்டு இரவின் ஏற்பாடு. அன்று வெளியூர் வண்டிகளை வெள்ளை நகரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறார்கள். விருந்தினர் விளிம்பில் நிற்கட்டும், குடியிருப்பவர் உள்ளே போகட்டும் என்பது அதன் சாரம்.

இந்தச் சாரத்தை ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கும் மலையூர் ஒன்று உண்டு: மகாராஷ்டிரத்தின் மாத்தேரான். 2003-இல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில், கார்கள் தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிட வேண்டும். அதற்குமேல் நடை, குதிரை, சிறு ரயில் போன்றவைதான். அதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. போதிய மாற்று வண்டி இல்லாமல் காரை நிறுத்தியதால், பயணிகளை மனிதர்களே கைரிக்‌ஷாவில் இழுத்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லும்வரை அது தொடர்ந்தது. விளிம்பில் நிறுத்தச் சொல்கிறவர் உள்ளே போக வண்டியும் தர வேண்டும்.

நீலகிரியும் கொடைக்கானலும் வேறு வழி எடுத்தன. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு. இது எத்தனை வண்டி ஏறலாம் என்று சொல்கிறது. ஏறிய வண்டி யார் நிலத்தில் நிற்கலாம் என்று சொல்வதில்லை. ஜவ்வாது மலை இன்னும் அந்த நெரிசலுக்கு வரவில்லை. அதனால் இரண்டாவது கேள்வியை முதலில் கேட்கும் வாய்ப்பு அதற்கு இருக்கிறது.

உணவகமே வேண்டாம் என்பது இந்த ஒப்பீட்டின் முடிவு இல்லை. மலையில் நல்ல உணவகம் வந்தால் சாமைக்கும் தேனுக்கும் பலாவுக்கும் வாசலிலேயே வாடிக்கையாளர் கிடைப்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். கேட்க வேண்டியது மூன்றே: வண்டி எங்கே நிற்கும், அந்த நிலம் யாருடையது, அங்கிருந்து சாப்பிட எப்படி வருவார்கள். ஒவ்வொரு உணவகமும் தனித்தனியாகச் சரிவை வெட்டுவதற்குப் பதில், ஜமுனாமரத்தூரின் விளிம்பில் ஊராட்சியே ஒரு பொதுத் திடல் வைத்துக் கட்டணம் வாங்கலாம். அந்தப் பணத்தில் ஏரிக்கும் அருவிக்கும் சிற்றுந்து விடலாம். ஊர் மக்களும் அதில் ஏறலாம். திடலின் விளக்குகளுக்குக் கீழ்நோக்கிய மூடி போடச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வெள்ளை நகரத்தில் வீடுகள் விடுதிகளாக மாறியதில் பேச வேண்டிய குடியிருப்பாளர்களே குறைந்துபோனார்கள். மலையில் அவர்களில் பெரும்பாலோர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அடுத்த உணவகத்தின் விண்ணப்பம் வரும் முன்பே இந்த மூன்று கேள்விகளும் சபையின் தீர்மானமாகப் பதிவாகிவிட்டால், புதுச்சேரி வழக்குகளில் இழந்த ஆண்டுகளை ஜவ்வாது மலை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.