ஜப்பானில் பிறந்த நீல்காந்த்



கெடிலம், பாடலீஸ்வரர் கோயில், பழைய தென்னாற்காடு என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்தத் தடவை கால்பந்துக்குத் தாவிவிட்டானே என்று நினைக்க வேண்டாம். பந்தைவிட அதற்குப் பின்னால் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். குமாஸ்தாவாக ஆயுளில் பாதியைக் கோப்புகளோடு கழித்தவன் நான். ஒரு காகிதம் மனிதனின் வாழ்க்கையை எப்படித் திருப்பிவிடும் என்பது எனக்கு அலுக்காத விஷயம்.

அராட்டா இசுமி என்ற பெயரை உங்கள் பேரப்பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கலாம். 1982 ஜூலை 31 அன்று ஜப்பானின் ஷிமோனோசெக்கி நகரில் பிறந்தவர். தாயார் ஜப்பானியர், தகப்பனார் குஜராத்தி. ஜப்பானில் 1984 வரை இருந்த குடியுரிமைச் சட்டம் பொதுவாகத் தகப்பன் வழியைத்தான் பார்த்தது. தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்ற திருத்தம் 1985 ஜனவரி 1 முதல்தான் அமலுக்கு வந்தது. இசுமி வளர்ந்ததும் பந்து பழகியதும் ஜப்பானில். கையில் இருந்ததும் ஜப்பானிய பாஸ்போர்ட்தான்.

அவர் ஆடியது நடுக்களத்தில். நம் காலத்தில் 'ஹாஃப்' என்போம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'மில்யூ' என்பார்கள், நடு என்று அர்த்தம். கோல் போடுகிறவனுக்கு மாலை விழும், கோலைத் தடுக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். நடுவில் நிற்பவனோ பின்னால் இருந்து பந்தை வாங்கி முன்னால் இருப்பவனிடம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் அதிகம், பேர் குறைவு. நம் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் ஆடியதும் இதே இடத்தில்தான். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிற அவரது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இசுமி முதலில் சிங்கப்பூர் லீக்கில், அல்பிரெக்ஸ் நிகாட்டா என்ற ஜப்பானியக் கிளப்பின் அங்குள்ள அணிக்கு ஆடினார். 2006இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். அடுத்து மும்பையின் மஹிந்திரா யுனைடெட். 2009இல் புனே எஃப்.சி.க்குப் போனார். அந்த அணி ஐ-லீக்கில் 2009-10இல் மூன்றாம் இடமும் 2012-13இல் இரண்டாம் இடமும் பிடித்தது.

இத்தனை வருடமும் தகப்பனாரின் நாட்டில் அவர் வெளிநாட்டுக்காரர் கணக்கில்தான் இருந்தார். ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டார்தான் ஆடலாம் என்று வரம்பு உண்டு. அதில் ஓர் இடம் அவருடையது.

இந்திய அணிக்கு ஆட ஆசை இருந்தும் வழி இல்லை. இந்தியக் குடிமகன்தான் நாட்டின் சார்பில் ஆடலாம் என்று 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் முடிவு செய்திருந்தது. இதில் அடிபட்ட ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜை நம் வயதுக்காரர்கள் மறக்க முடியுமா? அவர் மகன் பிரகாஷ் அமெரிக்காவில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன். இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தார். இந்த முடிவோடு அது நின்றது.

இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. நம் 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ஒருவர் தன் விருப்பத்தால் வேறு நாட்டுக் குடிமகன் ஆனால் அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். ஜப்பானியச் சட்டமும் அதேபோல்தான். இங்கே ஒன்றை வாங்கினால் அங்கே உள்ளதை இழக்க வேண்டும்.

2012இல் இசுமி இழக்கத் துணிந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. கால்பந்துக்காரனுக்கு முப்பது என்பது, நம் கணக்கில், ரிட்டயர்மெண்டுக்கு நாலைந்து வருடம் பாக்கி இருக்கிற மாதிரி. பல நாடுகளுக்கு விசா இல்லாமல் போய்வரக்கூடிய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல்தோறும் விசாவுக்கு நிற்க வேண்டிய நம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். காகிதத்தில் பெயரும் மாறியது: நீல்காந்த் கம்போல்ஜா. 2013 பிப்ரவரி 6 அன்று கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக இந்தியச் சட்டை போட்டு இறங்கினார். வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்து இந்திய அணிக்கு ஆடியவர்களில் அவரே முதல்வர். அன்று இந்தியா 2-4 என்று தோற்றது.

இந்த இடத்தில் பாகூர் ஞாபகம் வருகிறது. நான் பிறந்தது அங்கே. இங்கிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் புதுச்சேரி எல்லை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்று முதல், அங்கேயே பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு 'ஒப்சியோன்' என்று பெயர். வயது வராத பிள்ளைகளுக்குத் தகப்பன் எடுத்த முடிவே முடிவு.

குடியுரிமை வருவதற்கு ஐந்து வழிகளைச் சட்டம் சொல்கிறது: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, நிலப்பகுதி சேர்க்கை. நாங்கள் ஐந்தாம் வழிக்காரர்கள். படுத்துத் தூங்கி எழுந்தபோது நிலத்தோடு சேர்த்து எங்களையும் எடுத்துக்கொண்டார்கள் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. "நிலம் இங்க இருக்கு, நான் எங்க போறது?" என்றார். இந்தோசீனாவில் சொல்தாவாக இருந்த பெரியப்பா எழுதிக் கொடுத்தார். பென்ஷன், பிள்ளைகளின் எதிர்காலம் என்று அவருக்கும் நியாயம் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில், இரண்டு தேசம். பின்னாளில் பெரியப்பா பாகூரில் காலமானபோது, பிரான்சில் இருந்த அண்ணன் விசா வாங்கி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது நான். அப்பா மேல் அண்ணனுக்கோ, பெரியப்பா மேல் எனக்கோ வருத்தம் இல்லை. ஆனால் எங்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது.

இசுமியின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். அவரை ஒரு நாடு கேட்டது, அவரே யோசித்து, அவரே கையெழுத்துப் போட்டார்.

எதிர்த்திசையிலும் ஒருவர் உண்டு. விகாஷ் தொராசூ, அவரும் நடுக்களம்தான். மொரீசியசிலிருந்து போன தெலுங்கு வம்சாவளிக் குடும்பத்தில், 1973இல் பிரான்சில் பிறந்தவர். 2006 உலகக் கோப்பையில் பிரான்சு அணியில் ஆடினார். பிரான்சு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிற நாடு. தாத்தாவின் நாடு எது என்று கேட்டு, ஒன்றை விடு என்று யாரும் சொல்வதில்லை.

இந்தியாவுக்காக இசுமி ஆடியது பத்துக்கும் குறைவான ஆட்டங்கள். 'இதற்காகவா ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டார்?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆட்டங்களை எண்ணுவதா, அவர் பிற்பாடு செய்ததைப் பார்ப்பதா? 2015இல் கொல்கத்தாவுக்கும் 2017இல் கேரள அணிக்கும் ஐ.எஸ்.எல். ஆடினார். பிறகு ஊர் திரும்பவில்லை. மும்பைப் பக்கம் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளையோர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகிப் பையன்களுக்குப் பந்து பழக்கினார். பாஸ்போர்ட் ஆட்டத்துக்கு மட்டும் என்றால் ஆட்டம் முடிந்ததும் அவருக்கு இங்கே என்ன வேலை?

அவருக்குப் பிறகு இன்னொருவர் அந்த வழியில் வரப் பதின்மூன்று வருடம் ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியத் தாயின் மகன், 2025 நவம்பரில் இந்திய பாஸ்போர்ட் வாங்கினார்.

குடிமகனாக இரு, பிறகு நாட்டுக்கு ஆடு என்று கேட்பது சரி என்றே நான் நினைக்கிறேன். விலை கொடுத்து வந்தவனை யாரும் அந்நியன் என்று சொல்ல முடியாது. ஆனால் தாயோ தகப்பனோ இந்த மண்ணில் பிறந்திருந்தால், அந்தப் பிள்ளை முப்பது வயது வரை காத்திருக்கும்படி கோப்பு நகரக் கூடாது. கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியும். பந்து அவ்வளவு நேரம் காத்திருக்காது.

உங்கள் வீடுகளிலும் 'ஒப்சியோன்' கதைகள் இருக்கும். எழுதி வையுங்கள். அந்த ஆறு மாதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறோம்.