செய்தியின் முதல் வாக்கியம்

நாளிதழ்ச் செய்தி நிகழ்ச்சியின் முடிவினைத் தலையில் தாங்கித் தொடங்குவது. யார், என்ன, எங்கு, எப்பொழுது என்பனவற்றை முதல் வாக்கியமே கூறிவிட, ஏனைய விவரங்கள் சிறப்புக் குறையும் முறையிற் பின்னே நிற்கும். இதழியலார் இதனைத் தலைகீழ்க் கூம்பகம் என்பர். இம்முறை தந்தியாற் பிறந்தது என்பது வழிவழியாகக் கூறப்பட்டுவரும் கொள்கை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தே (1861-65) தந்திக் கம்பி எந்நேரமும் அறுபடலாம், கட்டணமும் மிகுதி, ஆதலின் நிருபர் இன்றியமையாததனை முதற்கண் அனுப்பினர் என்பது அதன் சாரம். கேட்டற்கு இனிய விளக்கமே. ஆயின் அக்காலத்துச் செய்திகள் அதற்குச் சான்று பகர்கின்றனவா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1865 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு வாஷிங்டன் நகரத்து ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டார். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் வாஷிங்டன் முகவராகிய லாரன்ஸ் கோப்ரைட் அவ்விரவு விடுத்த செய்திகளுள் இரண்டு நம் ஆய்வுக்குரியன. முன்னது மிகச் சிறியது. குடியரசுத் தலைவர் அரங்கொன்றிற் சுடப்பட்டார், காயம் உயிர்க்கு இறுதி விளைப்பதாகலாம் என்னுமளவே அதன் பொருள். பின்னது விரிவானது. அதன் தொடக்கம் கருதத்தக்கது. தலைவர் துணைவியாருடனும் நண்பருடனும் நாடகம் காணச் சென்றமை, தளபதி கிராண்டும் வருவார் என இதழ்கள் அறிவித்திருந்தமை, அவர் வாராது நியூ ஜெர்சிக்குப் புகைவண்டி ஏறிவிட்டமை, அரங்கு நிரம்பி மக்கள் மகிழ்ந்திருந்தமை ஆகிய இத்துணையும் முறையே கூறப்படுகின்றன. அவற்றின் பின்னரே, மூன்றாம் அங்கத்தின் இடையில், துப்பாக்கி வெடிக்கின்றது!

எழுதியவர் ஒருவர், இரவும் ஒன்று, சென்ற வழியும் தந்தியே. நடையோ இரண்டு. தந்தியொன்றே காரணமாயின் விரிந்த செய்தியும் முன்னதன் வழி நின்றிருத்தல் வேண்டும். நின்றிலது. தந்தி சுருக்கத்தைத் தந்தது என்பதனை மறுப்பார் இலர். கூறும் வரிசையையும் அதுவே மாற்றிற்று என்பதற்கு இவ்விரவு சான்றாகாது. விரித்துரைக்கப் புகுந்த அளவிலே கோப்ரைட் பழைய கதைகூறும் முறைக்கே மீண்டுவிட்டார்.

அவ்விரவே போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டாண்டன் நியூயார்க்கிலிருந்த தளபதி டிக்ஸுக்கு விடுத்த தந்தியொன்று உண்டு. நாளேடுகள் அதனை அவ்வாறே வெளியிட்டன. காலம், அரங்கு, தலைவர் அமர்ந்திருந்த தனிமாடம், உடனிருந்தோர், சுடப்பட்டமை, கொலைஞன் பின்புறமாக அணுகியமை அனைத்தும் அதன் முதல் வாக்கியத்திலேயே அடங்கிவிட்டன. ஸ்டாண்டன் நிருபரல்லர், வழக்கறிஞராயிருந்து அமைச்சரானவர். உணர்ச்சி கலவாத இவ்வரசியல் அறிக்கை நடையே புதிய செய்திநடைக்கு முன்னோடி என்னும் கருத்தினை டேவிட் மிண்டிச் தமது 1998-ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்தினார். கருத்து வலியுடையதே, எனினும் ஒருவர் தந்தி ஒரு மரபாகிவிடாது. ஹோர்ஸ்ட் பெட்கர் நியூயார்க் நாளேடுகளை ஆராய்ந்து 2003-இல் எழுதிய கட்டுரையில், இம்முறை 1880-களிலேதான் தலையெடுத்தது என்றும், படிப்போர் எளிதில் உணர்தல் கருதியே இதழ்கள் அதனை மேற்கொண்டன என்றும் முடிவு கூறினார். எட்வின் ஷூமன் எழுதிய இதழியற் பாடநூலில் இம்முறை விதியாக இடம்பெற்றது 1894-இல். போர் முடிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. வழக்குப் பரவிய பின்னரே இலக்கணம் வந்தது என்பதில் வியப்பில்லை.

தமிழ் பயில்வார்க்கு இங்கே பிறிதொன்றும் புலனாகும். தொழில் நிகழ்தற்குரிய முதனிலைகளைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் எட்டாக வகுத்தார். அவற்றுள் வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம் ஆகியன ஸ்டாண்டன் வாக்கியத்தில் வெளிப்படையாக உள்ளன. கருவி, சுடுதல் என்னும் வினையுள் அடங்கிற்று. எஞ்சியவை இன்னதற்கு, இது பயன் என்னும் இரண்டுமே. கொலைஞன் கருதிய பயன் யாது என்பதனை அந்நள்ளிரவில் எவர் உறுதியாகக் கூறவல்லார்? இதழியலார் 'ஏன்' என்னும் வினாவினை முதல் வாக்கியத்துள் வற்புறுத்தாது பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளுவதும் இதனாலேதான் போலும்.

ஆயினும் அவ்வாக்கியத்தை அவ்வாறே தமிழாக்கின் ஓர் இடர் நேரும். தமிழில் முற்றுவினை இறுதியில் நிற்பது இயல்பு. காலமும் இடமும் உடனிருந்தோரும் கொலைஞன் வந்த வழியும் சொல்லி முடிந்த பின்னரே 'சுடப்பட்டார்' என்பது வரும். அடைகளை மிகுக்குந்தோறும் செய்தி தள்ளிப்போம். இவ்விடரைக் கடக்க இரு வழிகள் உள. ஒன்று, கோப்ரைட் முதலில் விடுத்ததுபோல் வாக்கியத்தைக் குறுக்குவது. மற்றொன்று வினையை முன்னே பெயர்ப்பது. பின்னதனைக் கம்பர் சுந்தர காண்டத்துத் திருவடி தொழுத படலத்தில் ஆண்டுள்ளார். இலங்கையினின்று மீண்ட அனுமன், பிராட்டி உளளோ இலளோ என ஏங்கியிருக்கும் இராமன்முன், தான் கண்டமையை உணர்த்தும் முற்றுவினையையே முதற்சொல்லாக வைக்கின்றான். அவள் கற்பினை அடுத்துக் கூறுகின்றான். அசோகவனத்து நிகழ்ச்சிகள் அதன் பின்னரே விரிகின்றன. கோப்ரைட் தனித்தனியே விடுத்த இருவகைச் செய்தியும் அங்கே ஒருவன் வாய்மொழியில் அடுத்தடுத்து நிற்கக் காண்கிறோம்.